பாபுவின் தலைக்குள் பார்த்துவிட்டு வந்தோம்

எங்கள் வாசகசாலையின் கையெழுத்துப் பத்திரிகையில் பயணப் பக்கத்துக்கு இதுவரை ஏலகிரி வந்துவிட்டது, ஒகேனக்கல் வந்துவிட்டது, மகாபலிபுரம் இரண்டு முறை வந்துவிட்டது. நான் அங்கெல்லாம் போனதில்லை. நான் போனது வேலூருக்கு, அதுவும் ஆஸ்பத்திரிக்கு. ஆனால் அங்கே ஓர் அறையில் நான் பார்த்ததுபோல ஒன்றை அருவிக்குப் போனவர்கள் பார்த்திருக்க மாட்டார்கள். தவிர, மாதனூர், ஆம்பூர் பக்கத்தில் வலிப்பு வரும் கைக்குழந்தையை வைத்துக்கொண்டு எங்கே போவதென்று தெரியாமல் இருக்கிற வீடுகள் இன்னும் இருக்கும். அவர்களுக்கு வழி தெரியட்டும் என்றுதான் எழுதுகிறேன். வாயால் சொல்லச் சொன்னால் எனக்கு இதில் பாதிகூட வராது.

பாபு என் அக்கா மல்லிகாவின் குழந்தை. போன ஐப்பசியில் நாங்கள் போனபோது அவனுக்கு ஏழு மாதம். அக்கா வீட்டுக்காரர் முனுசாமி மாமா ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் வேலை செய்கிறார். கால் வடிவத்தில் இருக்கும் கட்டையின் மேல் தோலை இழுத்துப் பிடித்து, அடியில் சின்ன ஆணிகளை அடிப்பது அவர் வேலை. ஆணிகளை உதட்டில் கவ்விக்கொண்டு ஒவ்வொன்றாக எடுத்து அடிப்பார். நான் எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு, மாதனூரில் அவர்கள் வீட்டோடு இருந்து, கம்பெனி கொடுத்தனுப்பும் ஷூவின் மேல்பாகங்களுக்குக் கைத்தையல் போடுகிறேன்.

பாபுவுக்கு ஐந்தாம் மாதத்தில் ஆரம்பித்தது. தூங்கி எழுந்ததும் தலை திடீரென்று முன்னால் குனியும். இரண்டு கையும் விரிந்து மேலே வந்து ஒன்றுசேரும். ஒரு நொடிதான். பிறகு விட்டுவிட்டு மறுபடி, மறுபடி. "பாத்தியா, எம்புள்ள சாமி கும்பிடறான்" என்று மாமா தெருவையே கூப்பிட்டுக் காட்டினார். பக்கத்து வீட்டு ஷம்ஷாத் அக்கா, "இன்னாப்பா கும்பிடறான்? எனக்கு சலாம் போடறான்!" என்று சிரித்தாள். அவன் எழும் நேரத்துக்கு ஆட்கள் வந்து முன்னால் உட்கார்ந்துகொள்வார்கள். நானும் உட்கார்ந்திருக்கிறேன். எல்லோரும் அவனிடம் கும்பிடு வாங்கிக்கொண்டோம்.

ஒரு மாதம் போன பிறகுதான் அக்கா கவனித்தாள், அவன் சிரிப்பதை நிறுத்திவிட்டான். முகத்துக்கு நேரே கிலுகிலுப்பை ஆட்டினாலும் கண் அதன் பின்னால் போகவில்லை. கும்பிட்டு முடித்ததும் ஒரு அழுகை அழுவான், அதில் கோபமும் இல்லை, பசியும் இல்லை.

வலிப்பு என்று யாரோ சொன்ன பிறகு ஊரில் செய்வதையெல்லாம் செய்தோம். கையில் சாவியைத் திணித்தார்கள். மூக்கில் செருப்பைக் காட்டினார்கள். தோல் வாசனைக்கு அடங்கும் வலிப்பு என்றால் எங்கள் பக்கத்தில் யாருக்குமே அது வந்திருக்கக் கூடாது. கடைசியில் ஆம்பூர் டாக்டர் ஒரு சீட்டு எழுதிக் கொடுத்து வேலூருக்குப் போகச் சொன்னார்.

முதல் தடவை போனபோது பார்த்த லேடி டாக்டர், பாபு தூங்கி எழும் வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். அவன் கும்பிட்டபோது அவர் சிரிக்கவில்லை. "இதுவும் வலிப்புதாம்மா. எங்க புஸ்தகத்துலயே இதுக்கு சலாம் வலிப்புன்னு ஒரு பேர் இருக்கு" என்றார். தலையில் ஒயர்கள் ஒட்டி ஒரு டெஸ்ட் எடுத்தார்கள். காகிதத்தில் பேனா தாறுமாறாகக் கிறுக்கியது. அது போதாது, தலைக்குள்ளேயே படம் பிடித்துப் பார்க்க வேண்டும், அதற்குப் புது மெஷின் வந்திருக்கிறது என்றார்.

"உள்ள கட்டி இருக்கலாம், தண்ணி சேந்திருக்கலாம். அப்படி இருந்தா ஆபரேஷன் செய்யறவங்ககிட்ட அனுப்பணும். ஒண்ணும் இல்லன்னா ஊசி போட்டு நிறுத்தப் பாக்கலாம். எதுன்னு தெரியாம ஆரம்பிக்க முடியாது. ரொம்ப நாள் விடவும் கூடாது, ஒவ்வொரு நாளும் மூளை வளர்ற வயசு இது."

ஊர் திரும்பி, வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது மாமா கேட்டார். "மண்டைய தெறந்துடுவாங்களா மல்லிகா?"

அக்கா பாபுவை இறுக்கிக்கொண்டு உள்ளே போனாள்.

ஸ்கேனுக்குக் கொடுத்த நாளில் நல்ல மழை. அன்றைக்கு இரண்டு விஷயம் சொல்லி அனுப்பியிருந்தார்கள். விடியற்காலையிலிருந்து குழந்தையைத் தூங்க விடக் கூடாது, பால் கொடுக்கக் கூடாது. படம் எடுக்கும்போது தலை அசையக் கூடாதாம். அதற்குத் தூக்கத்துக்கு ஒரு மருந்து கொடுப்பார்கள், வெறும் வயிற்றில் அசதியோடு போனால்தான் அது பிடிக்குமாம். தூங்காமல் பார்த்துக்கொள்ளும் வேலை எனக்கு. கிளம்பும்போது மாமா பாபுவுக்குச் சிவப்புக் கம்பளிக் குல்லா ஒன்றைப் போட்டு, குஞ்சம் வைத்த நாடாவைத் தாடைக்குக் கீழே கட்டினார். "உள்ள ஏசி ரூமாம். குல்லாவ மட்டும் எடுக்காதீங்க, சொல்லிட்டேன்" என்றார்.

மாதனூரிலிருந்து வேலூருக்கு முப்பத்தைந்து கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேலே. ஐந்தரை பஸ்ஸைப் பிடித்தால் ஒன்றேகால் மணி நேரத்தில் போய்விடலாம். அப்போது டிக்கெட் மூன்றரை ரூபாய். பள்ளிகொண்டா வரை உட்கார இடம் கிடைக்கும், அங்கே பால் கேன்களோடு ஒரு கூட்டம் ஏறும். பாலாற்றைப் பார்த்துக்கொண்டே போகலாம் என்று எழுத ஆசைதான். நான் அன்றைக்கு பாபுவின் இமைகளை மட்டுமே பார்த்துக்கொண்டு போனேன். அவை கீழே இறங்கும்போதெல்லாம் ஜன்னல் தார்ப்பாயைக் கொஞ்சம் தூக்கி, சாரலை அவன் கன்னத்தில் பட வைத்தேன். அவன் வீறிட்டு அழுதான்.

"ஏம்மே, கொழந்த இப்டிக் கத்துதே, பெத்தவ யாரு? பால் குடுக்கறதுதான?" என்றாள் பால் கேன்காரி ஒருத்தி.

"குடுக்கக் கூடாதும்மா, ஆஸ்பத்திரில சொல்லிருக்காங்க" என்றாள் அக்கா. அவள் ஜாக்கெட் பாலில் நனைந்திருந்தது.

"தூங்கவாவது வுடுதா அந்தப் பொண்ணு? கன்னத்துல தண்ணி தெளிச்சு விளையாடுது பாரு, நல்லாருக்குது சித்தி மொறை!"

எனக்கு முகமெல்லாம் எரிந்தது. மாமாதான் பின்னாலிருந்து, "தூங்கிட்டான்னா படம் எடுக்க முடியாதும்மா. நீ தூக்கு கொஞ்ச நேரம், எப்டி முழிக்க வெக்கறேன்னு பாக்கலாம்" என்றார். அவள் உண்மையிலேயே வாங்கிக்கொண்டாள். கண்டக்டர் வந்து, "தூங்கக் கூடாதா? என்கிட்ட வுடுங்க. இந்த பஸ்ல நான் ஒரு டிரைவரையே முழிக்க வெச்சுக்கினு இருக்கேன்" என்று அவன் காதுக்குப் பக்கத்தில் மெல்ல விசில் ஊதினார். பாபு கண்ணை அகல விரித்தான். அதிலிருந்து ஒவ்வொரு ஸ்டாப்பிலும் அவனுக்கென்று ஒரு விசில். பால் கேன்காரி இறங்கும்போது, "நல்லபடியா வரட்டும்" என்று அவன் கன்னத்தைத் தன் முந்தானையால் துடைத்துவிட்டுப் போனாள்.

வேலூர் பஸ் ஸ்டாண்டிலிருந்து ஆஸ்பத்திரிக்கு நடந்தே போகலாம். மழையாக இருந்ததால் ரிக்‌ஷாவுக்கு இரண்டு ரூபாய் கொடுத்தோம். ஆஸ்பத்திரித் தெருவில் லாட்ஜ், சாப்பாட்டுக் கடை போர்டுகளில் தமிழுக்குப் பக்கத்தில் வங்காளத்திலும் எழுதியிருக்கும். அங்கிருந்து நாள் கணக்கில் ரயிலேறி வருகிறார்களாம். ஸ்கேன் அறைக்கு வெளியே பெஞ்சில் எங்கள் பக்கத்தில் அப்படி வந்த ஓர் அம்மா, மடியில் ஒரு குழந்தையோடு உட்கார்ந்திருந்தாள். எங்கள் பேச்சு அவளுக்குப் புரியாது, அவள் பேச்சு எங்களுக்கு. அவள் பாபுவைக் காட்டி, தலையைக் குனிந்து இரண்டு கையையும் விரித்துச் சேர்த்துக் காட்டி, கேட்பதுபோல் பார்த்தாள். அக்கா ஆமாம் என்று தலையாட்டினாள். அவள் தன் குழந்தையைக் காட்டி அதையே மறுபடி செய்தாள். பிறகு இரண்டு பேரும் ஒருத்தி தோளில் ஒருத்தி சாய்ந்து உட்கார்ந்துகொண்டார்கள். ரயிலில் அத்தனை தூரத்துக்கு அப்பாலும் இதே கும்பிடு இருக்கிறது என்பது எனக்கு நம்ப முடியாமல் இருந்தது.

ஸ்கேன் எடுப்பவர் பெயர் சாமுவேல் சார். நரைத்த மீசை. வேகமாகப் பேசுவார்.

"இரும்பு, வெள்ளி, தங்கம், ஊக்கு, தாயத்து, எதுவா இருந்தாலும் கழட்டிடுங்க. தலப் பக்கம் ஒண்ணும் இருக்கக் கூடாது."

அக்கா பாபுவின் அரைஞாண் கயிற்றிலிருந்த வெள்ளித் தாயத்து, கால் காப்பு எல்லாவற்றையும் கழற்றிக் கைக்குட்டையில் முடிந்தாள்.

"கூட யாரும்மா வர்றது? கர்ப்பமா இருக்கறவங்க உள்ள வரக் கூடாது."

அக்கா என்னைப் பார்த்தாள். அப்புறம் தரையைப் பார்த்தாள். "நாள் தள்ளிப் போயிருக்கு" என்றாள். மாமாவுக்கே அது அப்போதுதான் தெரிந்தது. அவர் வாயைத் திறப்பதற்குள் சாமுவேல் சார், "அப்ப நீ வா பாப்பா" என்று என்னைக் கூப்பிட்டுவிட்டார்.

மருந்து குடித்துக் கொஞ்ச நேரத்தில் பாபு என் தோளில் கனத்துப்போனான். உள்ளே போனோம். குளிர் எலும்பில் ஏறியது. எனக்கு ஈயம் வைத்த ஓர் அங்கியை மாட்டினார்கள். ஊறிய மாட்டுத் தோலைத் தோளில் போட்டதுபோல அத்தனை கனம். மெஷின் என்று சொன்னது, ஒரு பெரிய கிணற்று உறையைச் செங்குத்தாக நிறுத்திவைத்ததுபோல இருந்தது. நடுவில் ஓட்டை. அதற்குள் போய் வர ஒரு குறுகிய கட்டில். பாபுவைப் படுக்க வைத்து, தலைக்கு இரண்டு பக்கமும் பஞ்சுத் துண்டு வைத்து, நெற்றியில் பட்டி போட்டார் சார். குல்லாவை எடுக்கப் போனார். பாபு முனகினான்.

"குளிருமாம் சார், எடுக்க வேணாம்னு அவங்கப்பா சொன்னாரு" என்றேன். அன்றைக்கு நான் அந்த அறையில் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

சார் குல்லாவை மேலாகத் தடவிப் பார்த்தார். "கம்பளிதான? இருக்கட்டும். எழுப்பிட்டா போச்சு."

மெஷின் உறுமியது. உள்ளே எதுவோ சுற்றுகிற சத்தம். நிற்கும். கட்டில் விரல் அகலம் நகரும். மறுபடி உறுமல். சில முறை ஆனதும் நின்றே போய்விட்டது. கண்ணாடித் தடுப்புக்குப் பின்னாலிருந்து சார் என்னைக் கையசைத்துக் கூப்பிட்டார்.

அங்கே ஒரு சின்ன டிவி இருந்தது. கறுப்புத் திரையில் ஒரு வெள்ளை வட்டம். அதன் ஒரு ஓரத்தில், கண் கூசும்படி ஒரு நட்சத்திரம். அதிலிருந்து வெள்ளைக் கதிர்கள் கிளம்பி வட்டம் முழுக்கப் பாய்ந்திருந்தன. அடியில் என்ன இருக்கிறதென்றே தெரியவில்லை. பாபுவைக் குனிய வைப்பது இதுதான் என்று நினைத்தேன். இவ்வளவு பிரகாசமாக ஒன்றைத் தலைக்குள் வைத்துக்கொண்டா இந்தக் குழந்தை இத்தனை நாள் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தான்? அதிலிருந்து கண்ணை எடுக்க முடியவில்லை.

"இது மண்டைக்குள்ள இல்ல பாப்பா, வெளிய இருக்கு" என்றார் சார். "இரும்பு. குல்லாவுல இன்னா வெச்சிருக்கீங்க?"

"ஒண்ணும் இல்ல சார்."

"ஒண்ணும் இல்லாததா இப்டி மின்னுது? மெஷினுக்கே கண்ணு கூசிப்போச்சு." அவர் கடிகாரத்தைப் பார்த்தார். "மறுபடி மருந்து குடுக்க முடியாது. முழிச்சுட்டான்னா அடுத்த நாள் கெடைக்க மூணு வாரம் ஆகும்."

மூன்று வாரம். ஒவ்வொரு நாளும் என்று டாக்டர் சொன்னது எனக்கு ஞாபகம் வந்தது.

இரண்டு பேரும் உள்ளே போனோம். குல்லாவின் மடிப்புக்குள் விரலை விட்டு மெதுவாகத் தடவினேன். காதுக்கு மேலே, கம்பளிக்கு உள்பக்கம், நெல் அளவு ஒரு புடைப்பு. மெல்லிய உள்தோலில் சுற்றிய எதுவோ. சுற்றிலும் மெழுகு போட்ட நூலில் நெருக்கமான தையல், ஒவ்வொரு தையலும் முந்தினதின் தலையில் ஏறி உட்கார்ந்திருந்தது. அந்தத் தையலை எனக்குத் தெரியும். எனக்குத் தையல் பழக்கியதே மாமாதான்.

சார் கத்தரிக்கோல் தேடினார். தலைக்கு அத்தனை பக்கத்தில் கத்தரியை நுழைத்தால் பாபு அசைந்துவிடுவான். வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு நான் மெஷினின் ஓட்டைக்குள் குனிந்தேன். வீட்டில் ஒரு நாளைக்கு எத்தனையோ முறை செய்கிற வேலைதான். நூலைப் பல்லால் கடித்து அறுப்பேன். அவன் மூச்சு என் தாடையில் பட்டது, மருந்து வாசனை வந்தது. முதல் தையல் அறுந்தது. இரண்டாவதில் அவன் உதடு சப்புக்கொட்டியது. அப்படியே நின்றேன். பின்னால் சாமுவேல் சார் மூச்சை அடக்கிக்கொண்டிருந்தது எனக்குத் தெரிந்தது. அவன் மூச்சு சீரானதும் மூன்றாவதைக் கடித்தேன். தோல் சுருள் கையோடு வரவில்லை, உதட்டால் கவ்வி இழுத்தேன். மாமா ஆணிகளைக் கவ்வியிருப்பதுபோல அதைக் கவ்விக்கொண்டு வெளியே வந்தேன். பாபு தூங்கிக்கொண்டிருந்தான்.

சார் அதைப் பிரித்துப் பார்த்தார். முனை மழுக்கிய ஒரு ஷூ ஆணி.

மெஷின் மறுபடி ஓடியபோது தடுப்புக்குப் பின்னால் நின்று நான் பார்த்ததை எப்படி எழுதுவது? முள்ளங்கியைக் குறுக்கே நறுக்கினால் வட்டம் வட்டமாக வருமே, அதுபோல அவன் தலை திரையில் வட்டம் வட்டமாக வந்தது. ஆனால் கத்தி இல்லை, ரத்தம் இல்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பிள்ளை முழுசாகத் தூங்குகிறான். வெளியே வெள்ளையாக மண்டை ஓடு. உள்ளே சாம்பல் நிறத்தில் மடிப்பு மடிப்பாக மூளை. முன்பக்கத்தில் மண்டை ஓடு இன்னும் மூடாத இடம் ஒன்று இருந்தது. அது உச்சிக்குழி. அக்கா எண்ணெய் வைக்கிற இடம். அதை உள்ளேயிருந்து பார்த்தது எங்கள் குடும்பத்தில் நான் ஒருத்திதான். நட்சத்திரம் எங்கேயும் இல்லை. ஆனால் நடுவில் கறுப்பாக, பட்டாம்பூச்சி இறக்கை விரித்ததுபோல ஒன்று இருந்தது.

"அது இன்னா சார்?"

"தண்ணி."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. டாக்டர் சொன்ன தண்ணீர்.

"ஐய, பயப்படாத. அது எல்லாருக்கும் இருக்கும். உனக்கு இருக்கு, எனக்கு இருக்கு. ஜாஸ்தியா இருந்தாதான் தப்பு" என்றார். "எனக்கும் இது புதுசுதான் பாப்பா. தெனமும் பாக்கறேன், இன்னும் பழகல."

என் தலைக்குள்ளும் அந்தப் பட்டாம்பூச்சி உட்கார்ந்திருக்கிறது. பால் கேன்காரிக்கும், கண்டக்டருக்கும், வங்காளத்து அம்மாவுக்கும். அன்றைக்கு முழுக்க யாரைப் பார்த்தாலும் எனக்கு அதுதான் நினைப்பு.

வெளியே வந்ததும் ஆணியை மாமாவின் உள்ளங்கையில் வைத்தேன். அக்கா அதைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். "இரும்பு கூட இருந்தா எதுவும் அண்டாதுன்னு வெச்சேன் மல்லிகா. மண்டைய தெறக்கற எடத்துக்குப் போறான்..." என்று மாமா ஆரம்பித்தார். அக்கா திட்டுவாள் என்று நினைத்தேன். "ஏன்யா, எனக்கும் ஒண்ணு வெக்கறது?" என்றாள். அழுதுகொண்டே சிரித்தாள்.

சாயங்காலம் லேடி டாக்டர் ஸ்கேன் படத்தை விளக்குப் பெட்டியில் மாட்டினார். கம்பெனியில் தோலை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பழுது பார்ப்பார்கள். டாக்டர் அதேபோல ஒவ்வொரு வட்டமாகப் பார்த்தார். நாங்கள் மூன்று பேரும் படத்தைப் பார்க்கவில்லை, அவர் முகத்தைத்தான் பார்த்தோம்.

"கட்டி இல்ல. தண்ணி அளவாதான் இருக்கு. மூளை நல்லா உருவாகியிருக்கு. ஆபரேஷன் வேணாம்."

மாமா சுவரைப் பிடித்துக்கொண்டார். அக்காதான் கேட்டாள். "எல்லாம் நல்லா இருந்தா பின்ன ஏம்மா வருது?"

"தெரியலம்மா. இந்தப் படத்துல உருவந்தான் தெரியும். உள்ள ஓடறது தெரியாது. ஊசிய நாளைக்கே ஆரம்பிக்கலாம். சில கொழந்தைங்களுக்கு நிக்குது, சிலருக்கு நிக்கறதில்ல. உறுதி சொல்ல மாட்டேன்."

மாமா ஆணியைக் காட்டி, இதை மறுபடி வைக்கலாமா என்று கேட்டேவிட்டார். டாக்டர் அதைக் கையில் வாங்கிப் பார்த்தார். "வீட்டு வாசல் நெலையில அடிச்சிக்குங்க. புள்ள மேல மட்டும் வேணாம், வாயில போட்டுக்குவான்" என்றார்.

போகப் போகிறவர்களுக்குச் சில வார்த்தை. சீட்டு இல்லாமல் போகாதீர்கள், உள்ளூர் டாக்டரிடம் எழுதி வாங்கிக்கொண்டு போங்கள். ஸ்கேன் செலவுக்கு முடியாதவர்கள் அதை அங்கே வாய் திறந்து சொல்ல வேண்டும், அதைக் கேட்கவென்றே ஆட்கள் இருக்கிறார்கள். ஊசி தினமும் போடுவதால் முதலில் சில நாள் அங்கேயே தங்க வேண்டியிருக்கும், அந்தத் தெருவில் அடுப்போடு வாடகைக்கு அறை கிடைக்கும். குழந்தை கும்பிடுவதைப் பார்த்தால் சிரிக்காதீர்கள், எந்த நேரத்தில் எத்தனை முறை என்று டாக்டருக்குச் சொல்லப் பாருங்கள். இரும்பு இருக்கிறதா என்று கேட்டால் அம்மாவை மட்டும் கேட்டுவிட்டு விடாதீர்கள். வீட்டில் எல்லோரையும் கேளுங்கள், முக்கியமாக அப்பாவை.

ஊசி போட்டதில் பாபுவின் கன்னம் உப்பிப் பூசணிக்காய் மாதிரி ஆகிவிட்டது. முதல் வாரம் ஒன்றும் மாறவில்லை. தங்கியது போதும் என்று ஊருக்கு அனுப்பி, மீதி ஊசியை ஆம்பூரிலேயே போட்டுக்கொள்ளச் சொன்னார்கள். கும்பிடு கம்மியானதுபோல இருந்தது. அப்படிச் சொல்லவே எங்களுக்குப் பயம்.

இரண்டாவது வாரத்தில் ஒருநாள் காலை, அவன் எழும் நேரத்துக்கு எல்லோரும் முன்புபோலவே எதிரில் உட்கார்ந்திருந்தோம். அக்கா, நான், கம்பெனி பஸ்ஸை விட்டுவிட்ட மாமா, ஷம்ஷாத் அக்கா. நிலைக்கு மேலே ஆணி இருந்தது. பாபு கண் விழித்தான். தலை முன்னால் குனிந்தது. அக்கா என் கையை இறுக்கிப் பிடித்தாள்.

அவன் நிமிரவில்லை. நெஞ்சில் கிடந்த குல்லா நாடாவின் குஞ்சத்தை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு கை மட்டும் மெதுவாக வந்தது. இரண்டு முறை தவறவிட்டு, மூன்றாவதில் அதைப் பிடித்து வாயில் வைத்துக்கொண்டான். பிறகு நிமிர்ந்து எங்களை ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டே வந்தான். ஷம்ஷாத் அக்காவிடம் வந்ததும் குஞ்சம் வாயிலிருந்து விழுந்தது. சிரித்தான்.

ஷம்ஷாத் அக்கா முந்தானையைத் தலைக்கு இழுத்துவிட்டுக்கொண்டு, குனிந்து, அவனுக்கு ஒரு சலாம் வைத்தாள்.